நான் முத்தமிட்டு விட்ட மீன்

பெண் வீட்டாரிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், பொழுதுபோக்கைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் யாரும் வங்கிக்குப் போய் விசாரிப்பதில்லை. குடிப்பதில்லை என்று சொன்னால் லேசாக முகர்ந்து பார்ப்பதோடு சரி. ஆனால் 'எனக்கு மீன் பிடிக்கிறதுன்னா உயிர்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்களை ஒரு படகில் உட்கார வைத்து, கையில் தூண்டிலைக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் அதைச் சொன்னேன். அதுவும் ஒரு மன்னார்க்காரரிடம் சொன்னேன்.

எனக்கு ஊர் நாமக்கல். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர். எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்த ஜீவன்கள் பக்கத்து வீட்டு வாத்துகள் மட்டுமே. மென்பொருள் வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்த இடத்தில் ஜெனியைப் பார்த்து, பேசி, பிடித்துப்போய், இனி அவள் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலைமை. அப்பா பெயர் மரியதாஸ். இலங்கையில் கடலோர மன்னாரில் பிறந்தவர், பல வருடங்களாக ஒஸ்லோவில் டிராம் ஓட்டுகிறவர். நான் இந்தியாக்காரன் என்பது அவருக்கு ஒரு குறை. வேதக்காரன் இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. (அவர்கள் பேச்சில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர்.) 'பேசும்போது பாதி இங்கிலீசு' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வு நாட்களில் ஏரியில் மீன் பிடிப்பது ஒன்றுதான் அவருக்குச் சந்தோஷம் என்று ஜெனி சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் போனில் அள்ளிவிட்டேன்.

"எனக்கும்தான் அங்கிள்! சின்ன வயசுலேர்ந்தே!"

மறுமுனையில் குரல் இளகி வந்தது.

"அப்பிடியோ? அப்ப வாற ஞாயிறு என்னோட வாரும் தம்பி. நீர் பிடிக்கிற மீனைத்தான் அண்டைக்குக் குழம்பு வைக்கிறம். என்ரை தங்கச்சி புஷ்பமும் திராமனிலையிருந்து வாறா. அவவும் உம்மைப் பாக்கட்டும்."

ஜெனி இதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனாள். பக்கத்து ஊரான திராமனில் இருக்கிற புஷ்பம் மாமிதான் அந்தக் குடும்பத்தில் உச்ச நீதிமன்றம். அவர் 'ஓம்' என்றால் கல்யாணம். 'பாப்பம்' என்றால் நான் நாமக்கல்லில் வேறு பெண் பார்க்கத் தொடங்கலாம்.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் ஒரு வரி நிரல் எழுதவில்லை. மீன்பிடி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எங்கள் ஏரியில் கிடைப்பது 'யோர்ஸ்' என்கிற மீன். கோரைப்பல்லும் கண்ணாடிக் கண்ணுமாக முறைத்துப் பார்க்கும். அமெரிக்காவில் அதற்கு 'வால்ஐ' என்று ஒரு பங்காளி உண்டு. அந்த வால்ஐயைப் பிடிப்பவர்கள் பிடித்ததை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். வைக்கிற கட்சிக்காரர்கள் அழுக்கு பனியனில் கத்தியோடு நின்றார்கள். விடுகிற கட்சிக்காரர்கள் நல்ல சட்டை, கறுப்புக் கண்ணாடி சகிதம் மீனை இரண்டு கையிலும் ஏந்தி, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, 'போய் வா நண்பா' என்று தண்ணீரில் விட்டார்கள்.

நான் உடனே விடுகிற கட்சியில் சேர்ந்துவிட்டேன். கொள்கைப் பிடிப்பெல்லாம் கிடையாது. மீனைச் சுத்தம் பண்ணத் தெரியாது, அவ்வளவுதான். தவிரவும், சமாதானத்துக்கு நோபல் பரிசு கொடுக்கிற ஊர் இது, மீனுக்கே சமாதானம் வழங்குகிறவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாதா?

குழம்புக்கு மீன் வேண்டுமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றவில்லை. குழம்பு மீனை அங்கிள் பிடித்துக்கொள்வார், அவர் மன்னார்க்காரர், நான் குணத்தைக் காட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். (கணக்கில் நான் எப்போதும் கெட்டி. விடைதான் தப்பாக வரும்.)

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. ஏரி அசையாமல் கிடந்தது. அங்கிள் மளமளவென்று மூன்று யோர்ஸ் பிடித்தார். ஒவ்வொன்றையும் கொக்கியிலிருந்து பக்குவமாகக் கழற்றி, அளவுகோலில் வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தண்ணீரில் விட்டுவிட்டார். அந்த ஏரியில் சின்ன மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். மூன்றும் அளவுக்குக் குறைவு. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆகா, மாமனார் நம்ம கட்சி!

அப்புறம் என் தூண்டில் வளைந்தது.

"இழும் தம்பி! மெதுவா! விட்டுவிட்டு இழும்!" என்று அங்கிள் படகே ஆடும்படி எழுந்து நின்றார். நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ரீலைச் சுற்றினேன். வலைக்குள் வந்து விழுந்தது குட்டி முதலை மாதிரி ஒன்று. அங்கிள் கண்ணில் தண்ணீர்.

"அச்சா! உமக்குக் கைராசி இருக்கு. அளக்கவே தேவையில்லை. இவ்வளவு பெருசு நானே பிடிக்கேல்லை!"

இதுதான் தருணம் என்று என் உள்மனம் சொன்னது. (அதன் பேச்சைக் கேட்டு நான் உருப்பட்டதே இல்லை.) போனை அங்கிளிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். அவரும் சந்தோஷமாக எடுத்தார். நான் மீனை இரண்டு கையிலும் ஏந்தி, ஆங்கிலத்தில் இயற்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, அதன் நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்து, "போய் வா நண்பா" என்று தண்ணீரில் விட்டேன்.

மீன் போய்விட்டது. அங்கிள் தண்ணீரையே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவின் கடைசியில் வெறும் ஏரிதான் தெரியும். பின்னணியில் அவர் குரல் மட்டும் கேட்கும்: "ஐயோ."

நான் பெருமை தாங்காமல் போனை வாங்கி அங்கேயே வீடியோவை ஜெனிக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்துப் படகில் ஒரு நோர்வே பெரியவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். அங்கிள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"அவர் கேக்கிறார், உமக்குப் பசிக்கேல்லை எண்டா அதின்ரை வாயிலை என்னத்துக்குக் கொக்கியைக் குத்தினீர் எண்டு. சாப்பாட்டோட விளையாடுறது பாவமாம். பொலிசுக்குச் சொல்லட்டோ எண்டும் கேக்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க அங்கிள்?"

"எனக்கு உம்மைத் தெரியாது எண்டு சொன்னனான்."

நோர்வேக்காரர்களும் மன்னார்க்காரர்களும் ஒரே மனதாக நிற்கிற விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் தேடிக் கண்டுபிடித்து மிதித்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு மீனும் எங்கள் பக்கம் வரவில்லை. விடுதலையான மீன் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அங்கிளின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மாமி அடுப்பில் சட்டியை வைத்துவிட்டாராம். இஞ்சி, பூண்டு எல்லாம் தயாராம். அங்கிள் சட்டென்று, "பெரிய மீன் ஒண்டு பிடிச்சிருக்கிறம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அது நிஜம்தான். பிடித்தோம், இப்போது இல்லை. அவருக்கும் மானம் இருக்கிறதே, இந்தப் பையனுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று அவர்தான் தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும். திறந்திருப்பது சின்னக் கடைகள்தான், எங்களுக்கு அகப்பட்டது ஒரு தமிழ்க் கடை. கடைக்காரருக்கு அங்கிளை நன்றாகத் தெரியும். அதனால் அங்கிள் காருக்குள்ளேயே குனிந்து படுத்துக்கொண்டார்.

"போய் ஒரு மீன் வாங்கியாரும். கெதியா!"

உள்ளே குளிர்பெட்டி நிறைய மீன்கள் விறைத்துக் கிடந்தன. முழு மீனாக வாங்கினால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று என் மூளை வேலை செய்தது. "இருக்கிறதிலேயே நல்ல மீனா, வெட்டுன துண்டா குடுங்க" என்றேன். கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். காருக்கு வந்து உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, துண்டுகளை ஏரித் தண்ணீர் வாளியில் போட்டு மூடினேன். "என்ன மீன்?" என்றார் அங்கிள். "பெஸ்ட் மீன் அங்கிள்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டில் மாமி வாசலிலேயே வாளியை வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவரும் குற்றவாளிகள் மாதிரி பின்னாலேயே சமையலறைக்குப் போனோம். ஜெனி ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மாமி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"துண்டு துண்டா இருக்கு?"

"லேக்லயே கிளீன் பண்ணிட்டோம் ஆன்ட்டி."

"ஐஸா இருக்கு?"

"அந்த லேக் ரொம்ப கோல்டு ஆன்ட்டி."

"ஜூலை மாசத்திலையோ?"

"ஆழத்துல."

மாமி தலையை ஆட்டினார். "தம்பி, இது அறக்குளா எல்லே?"

அறக்குளா என்பது எங்கள் ஊர் வஞ்சிரம். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற மீன். உப்புத் தண்ணீர் மீன். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அறக்குளா எப்பிடி இஞ்சத்தை ஏரிக்கு வந்தது?" மாமி விடவில்லை. "அகதியா வந்ததோ, இல்லை ஸ்பொன்சரிலையோ? விசா குடுத்திட்டாங்களோ?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் அந்த மீன் தூண்டிலில் எப்படித் துள்ளியது, எப்படி இழுத்தது என்று கையை ஆட்டி ஆட்டி விவரிக்க ஆரம்பித்தேன். மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜெனியின் போனை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அதில் நான். கையில் யோர்ஸ். இயற்கையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.

படகிலிருந்து அனுப்பியதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். நாங்கள் தமிழ்க் கடையில் திருட்டுத்தனமாக மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அதைப் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"மீனைக் கொஞ்சினனீரோ?" என்றார் மாமி. முத்தத்துக்கு அவர்கள் வார்த்தை அது. "கொஞ்சிப்போட்டு விட்டனீரோ? என்ன விசர் வேலை இது?" பிறகு அங்கிளிடம் திரும்பினார். "அண்ணை, நீங்களுமோ பொய் சொன்னனீங்கள்?"

நாலு நொடி முத்தத்துக்காக ஜெனியை இழந்துவிட்டேன் என்று நிஜமாகவே நினைத்தேன். "சாரி ஆன்ட்டி. எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது. அங்கிளுக்குப் பிடிக்கணும்னுதான் சொன்னேன்" என்றேன். குரல் உடைந்து கோழி மாதிரி வந்தது. (நாமக்கல் ஆயிற்றே.)

மாமி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தீர்ப்பு வாசித்தார்.

"மீன் பிடிக்கத் தெரியாது. வாங்கத் தெரியாது. பொய்யும் சொல்லத் தெரியாது. பிள்ளை ஜெனி, இதைப் பிடிச்சது நீதானே. வைக்கப்போறியோ, விடப்போறியோ?"

ஜெனி திரும்பி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது சிரிப்பை அடக்கத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"விட்டாப் பிழைக்காது மாமி" என்றாள். "வைப்பம்."

அங்கிள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். "உம்மாலை நானும் பொய்யனாயிட்டன். இனி உம்மை வெளியிலை விடேலாது" என்றார். அந்த அறக்குளாக் குழம்பைப் போல ருசியான எதையும் நான் அதற்கு முன்போ பின்போ சாப்பிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வீடியோவைப் பேர்கனிலும் ஸ்தவாங்கரிலும் நான் பார்த்தே இராத தமிழர்கள்கூட வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்யாண நாளன்று காலையில் திராமனிலிருந்து தவறாமல் போன் வரும். வாழ்த்தெல்லாம் கிடையாது. மாமி நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"என்ன பிள்ளை, இன்னும் வைச்சிருக்கிறியோ, விட்டிட்டியோ?"

ஜெனி போனைக் காதில் வைத்தபடி என்னை மேலும் கீழும் பார்ப்பாள். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து, வயிற்றை உள்ளிழுத்து நிற்பேன்.

"இந்த வருஷமும் வைப்பம் மாமி" என்பாள். ஆனால் வருடத்துக்கு வருடம் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போகிறது.