நிமிர்ந்து நின்ற பாய்

மனைவி அஜீஸா கடைசியாக அவித்துக் கொடுத்த முட்டையை ஹமீது தின்னவில்லை. "வாயுவுன்னு சாக்கு சொல்லாதீங்க. முதுகப் பாருங்க, வளைஞ்ச கரண்டியாட்டம் இருக்குது" என்று திட்டிவிட்டுத் துணி காயப்போடப் போனவள், கொடியடியிலேயே விழுந்து மவுத்தாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் முப்பது வருடம் குனிந்து உட்கார்ந்து கரண்ட் பெட்டி ஃபியூஸ் கேரியருக்குப் பிசிறு சீவிய முதுகு, இப்போது தரையைப் பார்த்தே நடந்தது. எழுந்து நடந்தாலும் போய்ப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. டீயும் பொறையும்தான் சாப்பாடு.

"வயசானா முதுகுத் தசை கரையத்தான் செய்யும் பாய். வெயில்ல தல காட்டாம, பருப்பு முட்ட தொடாம, உக்காந்தே கெடந்தா அது சீக்கிரமாக் கரையும்" என்றார் டாக்டர்.

ஹமீதின் கவலை முதுகு அல்ல, உஸ்மான். துபாயில் இருக்கும் மகன் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். "ஒங்களுக்கு முடியலன்னா வேலைய வுட்டுட்டு வந்துடுவேன் அத்தா" என்று சொல்லி வைத்திருந்தான். வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் அவன் பிழைப்பு கெட்டுவிடும்.

வளைவு தெரியாமலிருக்கப் போனைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"அத்தா, மூக்கு ஓட்டைதான் தெரியுது. என்னத்த மறைக்கிறீங்க?"

அடுத்த வெள்ளி, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கொளஞ்சி, ஹமீதின் சட்டைக்குள் முதுகோடு ஒரு பலகையை வைத்து லுங்கியால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

"மூச்சு வாங்குது கொளஞ்சி."

"மூச்சு வேணுமா, முதுகு வேணுமா பாய்?"

விளக்குக் கம்பம் போல நின்றவரைப் பார்த்து உஸ்மான் பூரித்துப்போனான். "உக்காந்து பேசுங்கத்தா."

பலகை எப்படி உட்காரும்? "நின்னாத்தான் நல்லதுன்னு டாக்டரு..."

"டாக்டரா? எதுக்குப் போனீங்க?"

"டி.வி. டாக்டருப்பா!"

"நம்ப மாட்டேன். அந்த மேச பக்கத்துல இருக்குற தண்ணி கேனத் தூக்கிக் காட்டுங்க."

கொளஞ்சி தரையோடு தவழ்ந்து வந்து, மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேனை அடியிலிருந்து தூக்கினார். ஹமீது மேலே கையை மட்டும் வைத்திருந்தார். கேன் மார்பு உயரத்துக்கு ஏறி, இன்னும் மேலே போகப் பார்த்தது.

"போதும்யா" என்று பல்லைக் கடித்தார் ஹமீது.

"மாஷா அல்லாஹ்! வீடியோ புடிச்சிட்டேன் அத்தா!" உஸ்மானின் கண் கலங்கியிருந்தது.

அன்று ஹமீது இரண்டு முட்டை அவித்துத் தின்றார். மகன் பிழைப்பைக் காப்பாற்றியாகிவிட்டது.

மறுநாள் காலை போன் அடித்தது. உஸ்மானின் அறையில் தங்கியிருக்கும் வேப்பூர் பாலகிருஷ்ணன்.

"உஸ்மானு எங்கப்பா?"

"போர்வையப் போத்திக்கினு படுத்திருக்கான் பாய். ஒங்களுக்கு முடியலன்னு கெஞ்சி ரெண்டு மாசம் லீவு வாங்கி, சொல்லாம வந்து நிக்கலாம்னு டிக்கெட்டும் போட்டு வெச்சிருந்தான். நேத்து அந்த வீடியோவ ரூமு ரூமாக் காட்டினான், முதலாளியும் பாத்துட்டு, 'இவரு என்னையே தூக்குவாரே'ன்னு லீவ ரத்து பண்ணிட்டாரு."