கண்ணேறு குடிக்கும் பளிங்கு

கிட்ட வாங்க, கண்ணுகளா. போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். ஒரு கல் கரண்டு குடித்த கதையைச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

ஒரு கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் பளிங்கய்யா பேச்சுதான். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, தோளில் புடைத்த வெள்ளைப் பை. அவர் விற்பது உள்ளங்கை அளவு பளிங்குக் கல். அதற்கு ஒரு வயர் வால். வாலைக் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகினால் கல் நீலமாக ஒளிரும், கதகதவென்று சுடும். கம்ப்யூட்டர்மேல் விழுந்த கண்ணேற்றை அது குடிக்கிறதாம். தினமும் சுவிட்சைத் தட்டி விளக்குப் போடுகிறவர்கள், கல் எரிந்ததும் வாயைப் பிளந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வாங்கினார். 'ஏன், எதற்கு என்று கேட்டுப் படி' என்று பிள்ளைகளை அதட்டும் டியூஷன் டீச்சர், எதுவும் கேட்காமல் இரண்டாக வாங்கினார்.

போட்டோ ஸ்டூடியோ முதலாளிக்குத்தான் பக்தி முற்றியது. அவர் கம்ப்யூட்டரில் உருப்படியாக இருந்தது ஒரே துளை. அதில் ஒரு ஹப், ஒரு துளையைப் பல துளையாக்கும் சின்னப் பெட்டி. கல்யாணப் படங்கள் நிறைந்த ஹார்டு டிஸ்க்கும் அதில்தான், கல்லும் அதில்தான். டிஸ்க் டொக் டொக்கென்று முனகியது. இன்னொரு கல் வாங்கினார். டிஸ்க் திரையிலிருந்தே மறைந்தது. மேலும் ஒரு கல். மருந்தே நோயைத் தந்தால் வைத்தியருக்கு என்ன குறை? வரும்போதெல்லாம் பளிங்கய்யா தன் போனையும் அதே பெட்டியில் சார்ஜ் போட்டுக்கொள்வார். அருளுக்குத்தான் விலை, கரண்டு இலவசம்.

கடைசியில், கல் மட்டும் போதாது, கண் வைத்த ஆளே போகவேண்டும் என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்த எடிட்டிங் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார் பளிங்கய்யா. சாயங்காலம் கல்யாண வீட்டார் வருவதற்குள் டிஸ்க் திறக்காவிட்டால் நாளைமுதல் வரவேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டார்கள், பாவம். அழுவாள் என்று பார்க்கத் தெருவே வாசலில் கூடியது. அவளோ குனிந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு கல்லைப் பிடுங்கி, தன் கைப்பையில் இருந்த பவர் பேங்கில் செருகினாள். பளிச்சென்று எரிந்தது.

"கம்ப்யூட்டரே இல்லாம எரியுதேங்கய்யா. இப்ப எதைக் குடிக்குது?"

பளிங்கய்யா அசரவில்லை. "அந்தப் பேங்க் யாருது? உன்னுது. உன் கண்ணேறுதான் அதுலயும் இருக்கு."

கூட்டம் ஆமாம் போட்டது. டீச்சர் கொஞ்சம் பலமாகவே போட்டார்.

"உங்க மேல கண்ணேறு இருக்குமாய்யா?"

"என் மேலயா? என்னை எந்தக் கண்ணும் அண்டாது, தாயி."

"அப்ப உங்க பையில புடைச்சுக்கிட்டு எட்டிப் பாக்குற பவர் பேங்கைக் குடுங்க."

தயங்கினார். ஜெராக்ஸ் கடைக்காரர் உதவி செய்கிற நினைப்பில், பக்தியோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். செருகினாள். அவளுடைய பேங்கில் எரிந்தது போலவே, அதிலும் ஜம்மென்று எரிந்தது.

"என்னங்கய்யா, உங்களுக்கும் என்னளவு கண்ணேறு இருக்கே?"

முதலில் சிரித்தது டீச்சர்தான்.

சிரிப்பு அடங்குமுன் அவள் பெட்டியிலிருந்து எல்லாக் கல்லையும், பளிங்கய்யாவின் போனையும் பிடுங்கினாள். டிஸ்க் உய்யென்று சுற்றியது; திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் பல்லைக் காட்டினார்கள். கல்லையெல்லாம் திரும்பச் செருகினாள், டொக் டொக். பிடுங்கினாள், மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார்.

"ஒரு குழாய்ல இத்தனை பேரு வாளி வச்சா யாருக்குத் தண்ணி வரும், முதலாளி? டிஸ்க்குக்கு வேண்டிய கரண்டை இந்தக் கல்லுங்கதான் குடிச்சுது."

அதற்குள் வெள்ளைச் செருப்புகள் மட்டும் வாசலில் இருந்தன. பளிங்கய்யா வெறுங்காலோடு தெருமுனையைத் தாண்டியிருந்தார். முதலாளி அவளைப் பார்க்க முடியாமல் திரையில் மாப்பிள்ளையையே பார்த்தபடி, நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடும்மா என்றார். முதலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. கல் எரிகிறது என்றால் கையைக் கூப்புமுன் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். கும்பிடுகிற கைக்கு அதைத் தடவிப் பார்க்கவும் தெரியும். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் எரியட்டும், உலை கொதிக்கட்டும், கேள்வி கேட்கிற பிள்ளைகள் நிறையட்டும், நல்லா இருங்கள்.