மூன்றாம் மாடியின் ஒரே ஓட்டு

ஊருக்கு நியாயம் கேட்டு உச்சிவரை போவார், வீட்டு வாசல் வந்ததும் செருப்போடு அதையும் கழற்றி வைத்துவிடுவார். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அந்த இனத்தில் உயர்ரகம். அவருக்குப் பட்டப்பெயரே ‘தொகுதி’.

காரணம் இருக்கிறது. சட்டசபைத் தொகுதிகளின் எல்லையை யாரோ எந்தக் காலத்திலோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊர் அதற்குப் பிறகு பெருத்துப்போனது. பக்கத்துத் தொகுதியோ ஆளில்லாமல் இளைத்துப்போனது. இருந்தும் இரண்டுக்கும் தலா ஒரு உறுப்பினர். அங்கே ஒருவர் போடும் ஓட்டு இங்கே பத்துப் பேர் ஓட்டுக்குச் சமம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

தொகுதியார் வழக்குப் போட்டார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவரையும் நிறுத்தி, எல்லைக்கோட்டை விளக்கி, வந்த தலைவலியை இரட்டிப்பாக்கி, அதன்பிறகே மாத்திரையைக் கொடுத்தார். கேலி செய்தோம். அவர் அசரவில்லை. வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படியேறி, கடைசியில் ஜெயித்தும்விட்டார். எல்லையை மாற்றி வரையச் சொல்லித் தீர்ப்பு வந்தது. “எண்ண வேண்டியது மனுஷங்களை, மண்ணை இல்ல” என்று அவர் சொன்னது பத்திரிகையில் படத்தோடு வந்தது. உண்மையிலேயே பெரிய காரியம். மறுப்பதற்கில்லை.

அந்த வாரமே அவர் குடியிருக்கும் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். சங்கத்தலைவரும் அவர்தான். அங்கே மாடிக்கு ஒரு ஓட்டு. கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழெட்டுக் குடும்பங்கள். மூன்றாம் மாடி முழுக்க அவரும் மனைவியும் மட்டும். மழை பெய்தால் சாக்கடை கீழ்த்தளத்துக்குள் வரும். குழாயை மாற்றக் கேட்கும்போதெல்லாம் கீழ்த்தளமும் முதல் மாடியும் ஆதரவு, மேலே இரண்டு மாடியும் எதிர்ப்பு என்று சமமாகி, தலைவரின் கூடுதல் ஓட்டால் தோற்றுப்போகும். மேலே சாக்கடை ஏறாதல்லவா?

கீழ்த்தளத்துத் தையல்கார அம்மா எழுந்தார். போன மழையில் வாடிக்கையாளரின் கல்யாணத் துணியெல்லாம் அவர் அறையில் மிதந்திருந்தது.

“சார், நீங்க ஜெயிச்சதைப் படிச்சேன். ரொம்ப சந்தோஷம். அப்ப நம்ம கட்டடத்துலயும் மாடியை விட்டுட்டு மனுஷங்களை எண்ணலாமே?”

“அது வேறம்மா. இது வேற.”

“எப்படி சார் வேற?”

தொகுதியார் தொண்டையைச் செருமினார். இது காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு, ஒன்றில் கைவைத்தால் எல்லாம் குலையும், ஆள் குறைந்த மாடியின் குரலை ஆள் நிறைந்த மாடி அமுக்கிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

பின்வரிசையில் இருந்த அவர் மனைவி மெதுவாகக் கேட்டார். “இதையேதானே அந்த அரசாங்க வக்கீல் சொன்னாருன்னு வீட்டுக்கு வந்து திட்டினீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டாம் மாடிக்காரருக்கு இருமல் வந்தது.

“நீ சும்மா இரு. நம்ம மாடி ஓட்டை நான் போட்டுக்கறேன்.”

“நம்ம மாடி ஓட்டுதானே? இத்தனை வருஷத்துல ஒருநாளாவது என்னைக் கேட்டிருக்கீங்களா?”

கேட்டுவிட்டு, குழாய் மாற்றுவதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். ஒரே மாடியில் இரண்டு கருத்து இருந்தால் ஓட்டு செல்லுமா என்று தொகுதியார் யோசிப்பதற்குள், இருமிக்கொண்டிருந்தவரும் கையைத் தூக்கிவிட்டார். அடுத்த மழைக்குள் புதுக் குழாய் வந்தது. மாடிக்கு ஒரு ஓட்டு என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. தையல்கார அம்மா இப்போது ஒரு வக்கீலைப் பார்த்துவருவதாகக் கேள்வி. தொகுதியாருக்குத் தூக்கம் போய்விட்டது. வாதம் முழுக்க அவருக்கு மனப்பாடம், ஆனால் இந்த முறை அது எதிர்த்தரப்பின் வாதம்.

பாவம், சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த பெரிய முடிவுக்கு எத்தனை பேர் கை தூக்கினார்கள்? நிதானமாக யோசித்து, உங்களுக்குச் சாதகமாகவே ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் இருப்பவரிடம் மட்டும் சரிபார்க்காதீர்கள்.