இருநூறாவது வீடு

இருநூறு குடும்பங்கள் வேண்டும். தேறியது நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்து வாங்கும் கடனைப் பற்றிய ஆராய்ச்சி அது. இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும். கடைசி வீட்டுக்காரர் பாதிக் கேள்வியில் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் இருநூறும் சேராவிட்டால் பேராசிரியரின் பதவி உயர்வு அம்போ.

அவர் தன் வீட்டையே இருநூறாவதாகச் சேர்த்துக்கொண்டார். கணவனுக்கான படிவத்தைத் தானே நிரப்பினார். மனைவிக்குத் தெரியாத கடன் உண்டா என்ற கேள்விக்குக் கூசாமல் 'இல்லை' என்று எழுதினார். உண்டு. சக பேராசிரியர்கள் முன்னால் பெரிய கார் ஓட்டுவதற்காக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கியது. முதலில் மிரட்டியவர்கள் மூன்று மாதமாக மூச்சுவிடவில்லை. கடன் கொடுத்தவர்கள் நாளடைவில் கைகழுவிவிடுகிறார்கள் என்று அதை வைத்தே ஓர் அத்தியாயமும் எழுதிவிட்டார், மகானுபாவர்.

மனைவியிடம் கேட்க, ஆய்வுக்கு வீடுவீடாகப் போகும் பெண்ணை அனுப்பினார். மாலையில் படிவம் வந்தது. கணவனுக்குத் தெரியாத கடன்: உண்டு. தொகை, அவருடைய ஐந்து மாதச் சம்பளம்.

பேராசிரியர் தொகையை இரண்டு முறை படித்தார். வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"உனக்குப் பணக் கஷ்டம் ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லுவதானே?"

"எனக்கென்னங்க கஷ்டம்? சாப்பிட வாங்க."

நேராகக் கேட்கவும் வழியில்லை. படிவத்தைப் பார்த்தேன் என்றால் ரகசிய விதியை மீறியதாகிவிடும். எதற்கு வாங்கியிருப்பாள்? மைத்துனன் புது வண்டி வாங்கியது நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் வந்த அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவன் சாப்பிடாமல் கிளம்பினான், அவள் அழுதாள்.

கடனே தீர்ந்துவிட்டால் பேச்சு எதற்கு என்று கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்து மாதச் சம்பளத்தைக் கடனாக எடுத்தார். ஆராய்ச்சிக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு விம்மினாள். கள்ளி, என்று நினைத்துக்கொண்டார். அவளை மன்னித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை படிவங்களை அடுக்கும்போதுதான் கவனித்தார். அவள் படிவத்தில் 'கடன் வாங்கிய காரணம்' காலியாக இருந்தது. அது இல்லாமல் படிவம் செல்லாது. ஆய்வுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்.

"மறக்கல சார். எழுத வேணாம்னு மேடம் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஆராய்ச்சியில தாட்சண்யம் பார்க்கக் கூடாதும்மா. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

பேனாவைத் திறந்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மூணு மாசம் முன்னாடி உங்க கார் கடனுக்கு ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து சத்தம் போட்டாங்களாம் சார், உங்களுக்குத் தெரியாம அதை அடைக்கத்தான் வாங்கினாங்களாம்."