இங்கிலாந்து போகிற ஃபெர்ரி

இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் கண்ட்ரிசைடு அண்ணன் அளவுக்குச் சுற்றிப் பார்த்தவர் இந்தப் பூமியில் கிடையாது. இங்கிலாந்துக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு வேலைவெட்டி இருக்கும். அண்ணனுக்கு ஜங்லிகாட்டில் ஓர் ஆட்டோ இருந்தது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் கிடையாது. அந்தமானை விட்டு அவர் போன ஒரே ஊர் தூத்துக்குடி. அதுவும் தங்கை கல்யாணத்துக்கு, போக வரக் கப்பலில் வாந்தி எடுத்தபடி.

சாத்தம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பும் மாலை ஃபெர்ரியில் மூலைப் பெஞ்சு அவருடையது. ஆட்டோவை மச்சான் வீட்டில் நிறுத்திவிட்டு ஏறுவார். அக்கரையில் இறங்கி பஸ் பிடித்து விம்பர்லிகஞ்ச் போவார். கயிறு அவிழ்ந்ததும் போனில் மேப்பைத் திறப்பார். தெருக்களை அப்படியே படமாகக் காட்டுமே, அதற்குள் இறங்கிவிடுவார். ஆபீஸ் முடிந்து அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குப் போனைத் திருப்பிப் பிடிப்பார்.

"சலோ, சலோ! இங்கிலாண்ட் பார்ட்டி எல்லாம் ஏறியாச்சா? லெஃப்ட்ல பாருங்க, ஆடு. ரைட்ல பாருங்க, ஆடு. நடுவுல போறது நம்ம."

கடலுக்கடியில் கேபிள் போட்டு எங்கள் தீவுக்கு நெட் வேகமாக வந்தது இதற்குத்தான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஒருநாள் ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். வாத்து மிதக்கிறது. படகு கட்டிக் கிடக்கிறது. கரையில் ஒரு குடும்பம் துணி விரித்துச் சாப்பிடுகிறது. அண்ணன் முகம் இருண்டது.

"முதலை போர்டு காணலியே."

முன்னே போய்த் தேடினார், பின்னே வந்து தேடினார். எங்கள் ஊரில் ஓடை, கழிமுகம், கடற்கரை எங்கும் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு. அது இல்லாத தண்ணீரை அவர் மனம் ஏற்கவில்லை.

"வைக்க மறந்துட்டானுவ. நம்ம பார்ட்டி யாரும் தண்ணில எறங்கப்படாது, சொல்லிட்டேன்!"

பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மீன் விற்கும் வங்காளி ஒருவரை எல்லோரும் தாதா என்போம், அவர்கள் மொழியில் அண்ணன். அவர், "உதர் மச்லி மில்தா ஹை?" என்று கேட்டார். அங்கே மீன் கிடைக்குமா என்பது அவர் கவலை.

"கிடைக்கும் தாதா. மாவுல முக்கிப் பொரிச்சு, மசாலாவே இல்லாம தின்னுதானுவ." அண்ணன் குரல் தழுதழுத்தது. தாதா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏண்ணே இங்கிலாந்து?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யக்கா, நம்மூர்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் கடல்லா? கடலே தெரியாத ஊரு ஒண்ணு பாக்கணும்னு தேடுனேன். இது மாட்டிச்சு."

"அதுவும் தீவுதானேண்ணே?"

"அத யாரும் அவங்ககிட்ட சொல்லலை போல. எல்லாரும் ஆட்டையே பாத்துட்டு நிக்கானுவ."

நான் வாய்விட்டுச் சிரிப்பது ஃபெர்ரியில் மட்டும்தான். கணவருக்குத் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் வேலை. அவர் வருவது கப்பலையும் வானிலையையும் பொறுத்தது. ஒரே மகள் நித்யா. நர்சிங் படித்துவிட்டு, வடக்கு இங்கிலாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் குக்கரும். குக்கர் விசிலடித்தால் பேச்சுத்துணை கிடைத்ததுபோல் இருக்கும்.

மகள் போன ஊர்ப்பெயரைச் சொன்னேனோ இல்லையோ, மறுநாள் அண்ணன் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்.

"யக்கா, சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு டீக்கடை. ஜன்னல்ல பூச்சட்டி. பிள்ளைய அங்க போவச் சொல்லுங்க. பாலத்தைத் தாண்டுனா பச்சைக் கேட்டு. அதுக்கப்புறம் கல்லுச் சுவரு, சுவரு பூரா ஆடு."

நித்யா வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை என்று கிடந்தாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். இங்கே எனக்கு அது மாலை ஃபெர்ரி நேரம். நான் அண்ணன் சொன்னதை ஒப்பிப்பேன். "போய் நாலு இடம் பாருடி. ரூமுக்குள்ளயே கிடந்தா எப்படி?" மெதுவாகப் போகத் தொடங்கினாள். டீக்கடை, பாலம், கேட் என்று படம் படமாக அனுப்பினாள். ஒன்றிலும் அவள் இல்லை. தனியாகப் போகிறவளை யார் படம் எடுப்பார்கள்?

அண்ணன் அந்தப் படங்களைப் பெரிதாக்கி ஆராய்வார். "பாத்தியளா, பச்சைக் கேட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்கானுவ. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

பிறகு ஒரு லீவு நாளில் மலைக்குப் பின்னால் இருக்கும் அருவிக்குப் போகிறேன் என்றாள் நித்யா. அருவியைச் சொன்னதும் அண்ணன்தான். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது.

மறுநாள் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தேன். வேலைக்கு வரவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார் ஓர் அம்மாள், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. கேம்பல் பேயிலிருந்த கணவருக்கு லைன் கிடைத்து, அவர் "ஹலோ" என்றதும் அறுந்தது. வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்ததால் ஃபெர்ரி ஏறினேன்.

"யக்கா, என்ன முகம் இப்படி இருக்கு?"

சொன்னேன். அண்ணன் போனை எடுத்தார். இந்த முறை யாருக்கும் திருப்பிக் காட்டவில்லை. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இருவரும் தேடப் போனோம். படித்தவள் நான். அந்த மேப் படங்கள் என்றைக்கோ ஒரு கார் எடுத்துப்போனவை என்று எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் தெரியாதா? இருந்தாலும் சர்ச்சைக் கடந்தோம், பாலத்தைக் கடந்தோம், பழைய பச்சைக் கேட்டைக் கடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று சுற்றிலும் பார்த்தோம். அருவிக்குப் பிரிகிற ஒற்றையடிப் பாதை வந்தது. அண்ணன் தட்டினார். படம் நகரவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும்.

"வண்டி உள்ள போவாதுக்கா. கார் ரோடு மட்டுந்தான் உண்டு."

"நடந்து போங்கண்ணே."

எப்படி அப்படிச் சொன்னேனோ! அவர் சிரிக்கவில்லை. "சுத்திப் போவோம். அந்தப் பக்கமும் ரோடு இருக்கும்லா?" என்றார்.

அந்தப் பக்கத்து ரோட்டில் சுவரோரமாக ஒரு பெண் நின்றாள். சிவப்புக் கோட்டு. முகத்தை மங்கலாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் படங்களில் எல்லா முகமும் அப்படித்தான்.

"நித்யாதாண்ணே அது! நிக்கிற தினுசைப் பாருங்க!"

"இருங்க, பக்கத்துல போவோம்." ஓர் அடி முன்னே வைத்தார். அவள் மறைந்துவிட்டாள். பின்னே வந்தார். இருந்தாள். முன்னே போனால் இல்லை. தாதா கூடையை மடியில் வைத்தபடி எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். ஃபெர்ரி அக்கரைப் படகுத்துறை ஜெட்டியில் இடித்து நின்றபோதுதான் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அம்மா, அழாதே. ஆஸ்பத்திரியில இருக்கேன்." ஈரக் கல்லில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, போன் ஓடையில் போய், இரவு முழுக்க ஒரு கல்சுவரை ஒட்டி மழையில் கிடந்திருக்கிறாள். காலையில் நாயோடு நடக்க வந்த ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். நாய்க்குக் கோடி கும்பிடு.

லீவு போட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தது, சாப்பிட்டாள், தூங்கினாள் என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. இதை எழுதும்போதும் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். கணவர் வரவேண்டிய கப்பல் வானிலையால் தள்ளிப்போனது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆபீஸ் போய், மாலை ஃபெர்ரி ஏறினேன்.

இங்கிலாந்து பார்ட்டி யாரும் அண்ணன் பக்கத்தில் இல்லை. மூலையில் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தாதா என்னிடம் தாழ்ந்த குரலில், "இத்னா தின் சே ஐஸா ஹி," என்றார். இத்தனை நாளாக இப்படித்தான் இருக்கிறாராம்.

போனை எட்டிப் பார்த்தேன். கல்சுவர், சாலை, வளைவு. விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே பண்றீங்க?"

நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "பிள்ளை கிடைச்சிட்டுன்னு ஒரு தகவலும் இல்லியேக்கா. தேடுதேன்."

ஃபெர்ரி சிநேகத்தில் யாரும் போன் நம்பர் வாங்கிக்கொள்வதில்லை. ஜெட்டியில் பிரிந்தால் மறுநாள் ஜெட்டியில்தான். நான் வராத நாளெல்லாம் அவருக்கு என் மகள் காணாமல் போனவளாகவே இருந்திருக்கிறாள்.

"கிடைச்சுட்டாண்ணே. கால்ல அடி. நல்லா இருக்கா."

போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்தார். அவர் கடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு கோபம் வந்துவிட்டது. "வழுக்குற கல்லுல எதுக்கு ஏறுனா? நல்லா ஏசி வையுங்க!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அவ முகத்தை நீங்க பார்த்ததே இல்லையேண்ணே. யாரைத் தேடுனீங்க?"

"முகம்தான் அதுல யாருக்கும் இல்லியேக்கா. ரோட்டுல நின்ன எல்லாப் பிள்ளையளையும் நின்னு நின்னு பாத்தேன்."

நித்யா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். அவ்வப்போது போனில், "தனியாத்தாம்மா இருக்கேன்," என்பாள். "இல்லடி," என்பேன், "அந்த ரோட்டுல எல்லாம் நம்ம அண்ணன் ஒருத்தர் இருக்காரு."