மூடியக்கா வீட்டுச் சண்டை

குண்டான் வாங்கும்போதே மூடியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஜீவன் இந்த உலகத்தில் எங்கள் மூடியக்காதான். அரூரில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீடு. நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பழைய பாத்திரத்துக்குப் புதுசு கொடுக்கிறவர் தெருவுக்கு வந்தால், அக்கா ஓட்டைக் குண்டானைப் போடுவார், மூடியைப் போடமாட்டார்.

"மூடியும் சேத்துக் குடுங்கம்மா."

"குண்டான்தான ஓட்டை? மூடி என்னா பாவம் பண்ணுச்சு?"

இப்படி மிஞ்சிய மூடிகள் கரண்ட் மீட்டருக்குக் குடையாகும், கோழிக்குத் தண்ணீர்த் தட்டாகும். குரங்கை விரட்ட மாமரத்திலும் கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் தெருவே அலறி எழுந்தது. குரங்கு மட்டும் அசராமல் மாங்காய் தின்றது. ஒருநாள் மூடியைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு உப்புமா வைத்தார். அடியில் குமிழ் இருந்ததால் தட்டு பம்பரமாகச் சுற்றியது. உப்புமா என் பக்கம் நின்றது, சட்னி என் சட்டைக்குப் போனது.

அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அரூரிலிருந்து திருவண்ணாமலை வரை ஹாரனே தேவைப்படாத குரல். "இந்த வூட்டுல மனுசன் படுக்க எடமில்ல!" என்று அவர் கத்த, அக்கா ஒரு படி மேலே கத்துவார்.

அந்த மனிதரைத்தான் பக்கவாதம் சாய்த்தது. தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கைக்கு அசைவும் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறா, கஞ்சியா, எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது.

"திட்டவாவது செஞ்சா தேவலைங்க தம்பி" என்று அக்கா என்னிடம் அழுதார்.

மறுநாள் எல்லா மூடிகளையும் வாசலில் பரப்பி, கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்த ஒரு பித்தளை மூடியைக் கட்டிலின் இடப்பக்கம் கட்டி, கரண்டியை அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தார்.

"ஒரு தட்டு தட்டுனா ஆமா. ரெண்டு தட்டுனா இல்ல. செரிங்களா?"

வாரக்கணக்கில் அந்த மூடி சும்மா தொங்கியது. அக்கா தினமும் துடைத்துவைத்தார்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "கண்ணாலம் ஆன நாளா இந்த மனுசன் எனக்குன்னு ஒரு சேலைகூட எடுத்துத் தந்ததில்லைங்க."

உள்ளேயிருந்து, டங்! டங்!

அக்கா விழுந்தடித்து ஓடினார். பின்னாலேயே நான். வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். இடது கையில் கரண்டி. முகத்தில் அந்தப் பழைய கோபம்.

"என்னா இல்ல? எடுத்துத் தந்தீங்களா?"

டங்!

"தருமபுரியிலயா?"

டங்! டங்!

"சேலத்துலயா?"

டங்!

"அந்தப் பச்சைச் சேலையா? அடப் போங்க! அது உங்க தங்கச்சிக்கு எடுத்தது. அவ புடிக்கலன்னு சொன்னதாலதான எனக்கு வந்துச்சு!"

கரண்டி வேகமாக உயர்ந்தது. பாதியில் நின்றது. கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு வீட்டுக்காரர் மூன்று தோசை சாப்பிட்டார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அக்கா அடிக்கடி போன் பண்ணுவார்.

"நான் எளைச்சுட்டேன்னு உங்ககிட்ட சொன்னா, இல்லைங்குறாரு பாருங்க தம்பி!"

பின்னால் இரண்டு தட்டு கேட்கும். இந்தப் புகார் மட்டும் என்றைக்கும் தீரவே கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.