டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அகஸ்டின் அவர்களுக்கு,

நாரணாபுரத்திலிருந்து தங்கள் தங்கை ஜெஸ்லினின் கணவன் பெனிட்டோ வணக்கத்துடன் எழுதுவது. தேர்வுக்குப் படிக்கும் ஜெஸ்லினுக்காக, எங்கள் வீட்டில் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை மிக்ஸி ஓடக்கூடாது என்று சென்ற ஆண்டு நன்கு ஆலோசித்து முடிவெடுத்தோம். இதை முன்பே தெரிவிக்காததற்கு மன்னிக்கவும். ஜெஸ்லின் டூட்டியில் இருந்ததால் வாக்களிக்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்வீட்டி எதிர்த்து வாக்களித்தாள். வயது போதாமையால் அது செல்லவில்லை. அன்று முதல் இட்லிக்குப் பொடிதான். மற்றபடி கர்த்தருடைய கிருபையால் நலம். தாங்கள் பணி ஓய்வு பெற்றதுபோல் தங்கள் முதுகுவலியும் ஓய்வு பெற்றிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜெஸ்லினின் குரூப் டூ தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான், தனியார் ஆஸ்பத்திரியில் முழுநேர நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஒருத்தி இந்திய வரலாறு முழுவதையும் படிக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பாள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். தாயில்பட்டியிலிருந்து சர்க்கரைக்கு வந்து படுத்திருந்த பாலம்மாள் ஒருநாள் பயந்துவிட்டார்.

"ஏம்மா, எனக்கு ஜெபமா பண்ணுதீக? அம்புட்டு மோசமாவா இருக்கு?"

"இல்லைங்க பெரியம்மா. பாபருக்குப் பெறகு ஹுமாயூன்."

"பாவம், அவுக எந்த வார்டுல இருக்காக?"

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துபவன் என்ற முறையில் அவளுடைய பொது அறிவுப் புத்தகத்தை வாங்கி, அதில் இருந்த எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். அந்த இரண்டு வாரம் அவளிடம் புத்தகம் இல்லை. திரும்பக் கொடுத்தபோது பல பக்கங்களில் என்னுடைய எழுத்துத்தான் தெளிவாகத் தெரிந்தது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்டேன். அவள் சொன்னதெல்லாம் தவறு என்று நான் சொல்லிக்கொண்டே வர, நான் வேறு பாடத்து விடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஸ்வீட்டிதான் கண்டுபிடித்தாள்.  ஜெஸ்லின் எனக்கு ரசம் ஊற்றினாள்.

தேர்வு செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி. கிழமையைச் சுவர்க் காலண்டரில் பார்த்தேன். திங்கட்கிழமை. வட்டம் போட்டேன். அதோடு நில்லாமல், ஜெஸ்லினுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கே போய், மேட்ரன் ஞானஜோதி அம்மாவிடம் அவளுக்குத் திங்கட்கிழமை லீவு கேட்டேன்.

"தீவாளி சீசன்ல, தீக்காயக் கேசு குவியுற நேரத்துல லீவா? எல்லாப் பட்டாசுக் கம்பெனிக்கும் லீவு விடச் சொல்லுங்க, நானும் விடுதேன்" என்றார். மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை என்னைப் பார்க்கப் பிடிக்காமல் லீவைக் கொடுத்தார்.

முந்தின நாள் ஞாயிறு. விடிந்ததிலிருந்து நானும் ஸ்வீட்டியும் அவள் படிக்கும் மூடிய அறைக்கு வெளியே செருப்புக்கூடப் போடாமல் நடமாடினோம். ஏழு மணிக்குக் கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இல்லை. சீக்கிரமே டூட்டிக்குப் போய்விட்டாள் என்று நினைத்து ஆலயத்துக்குப் போய், நாளைக்குத் தேர்வெழுதும் சகோதரிக்காகப் போதகரிடம் சிறப்பு ஜெபம் ஏறெடுக்கச் சொன்னேன். சபையே எழுந்து நின்று ஜெபித்தது. வெளியே வந்ததும் ஆட்டோ ஓட்டும் ஜேசுதாசன் என் கையைப் பிடித்தான்.

"ஏலே பெனிட்டோ, ஒம் வீட்டம்மாவ விடியக்காலம் நான்தாம்லே விருதுநகர் பஸ்ஸுக்குக் கொண்டு விட்டேன். பரீச்சைக்குப் போறேன்னாக. நீ என்ன, நாளைக்குங்க?"

"இருபத்தெட்டு நாளைக்குத்தான்."

"இன்னைக்குத்தாம்லே!"

இதில் என் தவறு என்று எதுவும் இல்லை மச்சான். எங்கள் கம்பெனியில் ஜூன் மாதமே அடுத்த ஆண்டு பிறந்துவிடும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதெல்லாம் அடுத்த ஆண்டு சாம்பிள்தான். அதில் இருபத்தெட்டு திங்கட்கிழமையே. செல்போன் வேறு மாதிரி காட்டியது உண்மை. ஆனால் பிழை திருத்துபவன் அச்சில் உள்ளதைத்தான் நம்ப வேண்டும்.

சாயங்காலம் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"வட்டம் தப்புன்னு ஒனக்குத் தெரியுமா?"

"போட்ட அன்னைக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை டூட்டியையும் அன்னைக்கே மாத்திக்கிட்டேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணிருப்பீக?"

"கூட வந்திருப்பேன்."

"அதான்."

நான் வாங்கிய திங்கட்கிழமை லீவில் முழுநாளும் தூங்கினாள். அதற்காவது பயன்பட்டதில் மகிழ்ச்சி.

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டாள் மச்சான்! ஆலயத்தில் என்னால் பாட முடியவில்லை. இனி முதன்மைத் தேர்வு. அதில் தேறினால்தான் உத்தியோகம். அது அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது. அடுத்த ஆண்டைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுச் சுவரைவிடச் சரியான சுவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆகவே தாங்கள் ஒரு மாதம் முன்னதாகவே இங்கே வந்து தங்கி, இரண்டு பேருமாக அவளைத் தயார் செய்யலாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தேர்வன்று எல்லாரும் வேனில் போய்விடலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் தங்கள் முதுகையும் குடும்பத்தையும் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
பெனிட்டோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஜெஸ்லின் வாங்கிப் படித்தாள். காலை ஐந்து முதல் ஏழு வரை அவள் அந்த அறையில் ஒருநாளும் படித்ததில்லையாம், தூங்கினாளாம். படித்ததெல்லாம் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும்தானாம். நாளை முதல் சட்னி அரைக்கலாம் என்றாள். மேலே நான் போட்ட தேதியும் தப்பு, இன்று தேதி இருபத்தொன்பது என்றாள். தாங்கள் வர வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். முதன்மைத் தேர்வுத் தேதிக்கு வட்டம் போட எழுந்து போனேன். சுவரில் காலண்டர் இல்லை. ஆணி இருக்கிறது.